ஜரிகையில் கட்டிய சீரியல் லைட்

மகள் கல்யாணத்துக்காக மாடிச் சுவர் நெடுக நானே சீரியல் லைட் கட்டினேன். கயிறு தீர்ந்துபோக, மிச்சத்தைத் தறியில் கிடந்த ஜரிகையால் இறுக்கி, படிக்கட்டின் இரும்புக் கைப்பிடியில் முடிந்தேன்.

"லைட்டுக்கும் முகூர்த்தப் புடவையா? நல்லா இருக்குதுபா!" என்று மகள் சிரித்தாள்.

சாயங்காலத் தூறலில் சுவிட்சைப் போட்டேன். வீட்டின் விளிம்பெல்லாம் தங்கமாய் ஒழுகியது. பார்க்கப் படியேறியவள் கைப்பிடியைத் தொட்டதும் அலறி விழுந்தாள். மெயினை அணைத்துவிட்டு ஓடினேன்.

"ஒண்ணுமில்லப்பா, கைதான் மரத்துக்கினு வருது."

எனக்கு எல்லாமே மரத்திருந்தது. இறுக்கிக் கட்டிய ஜரிகை, ஒயரின் தோலை அறுத்து, மின்சாரத்தைக் கைப்பிடிக்குக் கொண்டுபோயிருந்தது. ஜரிகைக்குள் ஓடுவது வெள்ளிக்கம்பி என்று முப்பது வருடமாக நெய்கிறவனுக்குத் தெரியாதா? தெரியும்.

இப்போதெல்லாம் விசேஷங்களுக்குப் பிளாஸ்டிக் டேக்கால், இரும்பில் படாமல் கட்டுகிறேன், மழையென்றால் ஏற்றுவதில்லை. அப்படியும் சுவிட்சை மனைவிதான் போடுகிறாள். என் விரல் போகமாட்டேன் என்கிறது.