சீனித் தண்ணீர்ப் பூக்கள்

ஒருநாள் காலையில் சட்டைப் பொத்தானைப் பூட்ட முடியவில்லை. விரல் நுனிகள் மரத்திருந்தன. வேலைக் களைப்பு என்று நினைத்தேன். அந்த வாரமே படியேற முடியாமல் போனது.

அப்போது இத்தாலியின் பலெர்மோ நகரில், சீசா என்ற பகுதியில் அக்கா வீட்டில் இருந்தேன். வியா மக்வேதா தெருவுக்குப் பின்னால் ஒரு சிஞ்ஞோராவின் (இத்தாலிய அம்மாவின்) வீட்டில் துப்புரவு வேலை. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். அதனால் ஆஸ்பத்திரியில் மருத்துவர் இத்தாலிய மொழியில் சொன்னதை நானே அக்காவுக்கு மொழிபெயர்த்தேன். கில்லன்-பாரே நோய் (உடலின் எதிர்ப்புச் சக்தி தன் நரம்புகளையே தாக்குவது).

"சாகிற வருத்தமோ தம்பி?"

"இல்லையாம். கை எவ்வளவுக்குப் பழையபடி திரும்பும் எண்டு சொல்லேலாதாம்."

யாரோ ஒருவருடைய செய்தியைச் சொல்வது போலிருந்தது.

இம்யூனோகுளோபுலின் (நோயெதிர்ப்புப் புரதம்) ஏற்றினார்கள். கால்களில் பலம் திரும்பியது. கைகள் பின்தங்கின. கை வராவிட்டால் வேலை இல்லை; வேலை இல்லாவிட்டால் பெர்மெசோ (தங்கும் அனுமதி) புதுப்பிக்க முடியாது.

பார்க்க வந்த சிஞ்ஞோரா, அமெரிக்காவிலிருந்து தன் தம்பி அனுப்பிய ஒரு சிவப்புக் கண்ணாடிப் பூவைக் கொண்டுவந்தார். நடுவில் சீனித் தண்ணீர் விடும் குழாய். ஹம்மிங்பேர்ட் என்ற மிகச் சிறிய பறவையைக் கைக்கெட்டும் தூரத்துக்கு அழைப்பதற்காம். "அந்தப் பறவை இத்தாலியில் இல்லை. இருந்தாலும் இதைப் பார்த்துச் செய். விரலுக்கு வேலை" என்றார்.

மெல்லிய கம்பி, சிவப்புத் துணி, மருந்துப் போத்தலின் ரப்பர் மூடி, அதில் ஒரு சிறு குழாய். ஓர் இதழை வளைக்க ஒரு காலைப்பொழுது போனது. எங்கள் ஊர்த் தேன்சிட்டு உட்கார்ந்துதான் குடிக்கும். ஆகவே ஒவ்வொரு பூவின் கீழும், மிகுந்த சிரமப்பட்டு, கால் வைக்க ஒரு கம்பியும் பொருத்தினேன்.

அத்தான் சும்மா இருப்பாரா? "அமெரிக்கக் குருவிக்குத் தேத்தண்ணிக் கடை போட்டிருக்கிறார் எங்கட ஆள். குந்தியிருக்க வாங்கும் வைச்சிருக்கு!"

"வந்தா நீங்களே கதைச்சுப் பாருங்கோ அத்தான்."

"என்ன கதைக்க? உனக்குப் பெர்மெசோ இருக்கோ எண்டு கேக்கவோ?"

ஒரு பிற்பகல், புதிதாக முடித்த பூவில் சீனித் தண்ணீர் விட்டு, அதைப் பால்கனியில் கட்டுவதற்காகப் பிடித்துக்கொண்டு நின்றேன். சாம்பல் உடலும் செம்மஞ்சள் சிறகுமாக ஏதோ வந்து பூவின் முன் அந்தரத்தில் நின்றது.

"அசையாதை! குருவியடா!" என்றாள் அக்கா.

"பூச்சி அக்கா." பகலில் பறக்கும் ஒருவகை விட்டில். நான் பொருத்திய கம்பியை அது பொருட்படுத்தவில்லை. நின்றபடியே நீண்ட நாக்கைக் குழாய்க்குள் விட்டது.

சிறகுகளின் காற்று மணிக்கட்டில் பட்டது. விரல்களிலும் பட்டிருக்க வேண்டும். அங்கே எனக்கு ஒன்றும் தெரியவில்லை. என் உடல் எங்கே முடிகிறது என்று அன்று பார்த்தேன். பூச்சி சற்று நகர்ந்தது. சுட்டுவிரலின் அடியில் மெல்லிய குளிர்ச்சி. நான் மூச்சுவிடவில்லை.

மருத்துவரிடம் சொன்னேன். அவர் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் விரலைத் தொட்டுப் பார்த்தார். "வருகிறது. நரம்பு மெதுவாகத்தான் வளரும்" என்றார்.

மழைக்காலம் தொடங்கியதும் வேலைக்குத் திரும்பினேன். கண்ணாடிக் கிண்ணங்களைச் சிஞ்ஞோராவே கழுவுகிறார். மற்றதெல்லாம் நான்.

இதே நோயோடு இதை வாசிப்பவருக்கு: உங்களை நாள்காட்டியோடு ஒப்பிடாதீர்கள். முன்பு கை என்று தனியாக ஒன்றை நான் நினைத்ததே இல்லை. இப்போது அது ஒவ்வொரு விரலாக வந்துகொண்டிருக்கிறது. சுண்டுவிரல் இன்னும் வந்து சேரவில்லை. நான் அவசரப்படுத்துவதில்லை.