உறுப்பினர்களுக்கு மட்டும்

சங்கத்தில் அவரை எல்லோரும் அன்னதாதா என்றுதான் கூப்பிட்டார்கள். கிண்டல்தான், ஆனால் உண்மையும் அதுதான். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் இருந்த நாவாய்ப்பூச்சி ஆராய்ச்சிச் சங்கத்துக்குப் பத்தொன்பது வருஷமாக அவர்தான் எடுபிடி. கதவு திறப்பார், நாற்காலி போடுவார், டீ வாங்கி வருவார். ஜாடியில் இருக்கிற பூச்சிகளுக்குச் சாப்பாடு போடுவதும் அவர்தான். சாப்பாடு என்றால் அவருடைய கை.

நாவாய்ப்பூச்சி பெரிய குடும்பம். ஊசி மாதிரி வாயை நீட்டி உறிஞ்சிக் குடிக்கிற கூட்டம். செடியின் சாற்றைக் குடிப்பவை உண்டு, குளத்து நீர்மேல் நடப்பவை உண்டு, கட்டிலில் குடித்தனம் நடத்தும் மூட்டைப்பூச்சியும் இந்த வம்சம்தான். ஒரு பூச்சியின் பின்னங்காலில் முள் மூன்றா நான்கா என்று இரண்டு உறுப்பினர்கள் எட்டு வருஷம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார்கள். ரத்தம் குடிக்கிற வகைகளுக்கு யார் ரத்தம் கொடுப்பது என்பதில் மட்டும் சண்டையே வந்ததில்லை.

வாரம் இரண்டு மதியம், ஜாடியின் வாயில் வலைத்துணி கட்டி, முழங்கைக்குக் கீழே கவிழ்த்துக்கொண்டு பத்து நிமிஷம் பேப்பர் படிப்பார். வீட்டில் இதைச் சொன்னதில்லை. ஆபீஸ் வேலை என்று சொல்லித்தான் மகளைக் கட்டிக் கொடுத்திருந்தார். பூச்சிக்கு ரத்தம் கொடுத்துப் பிழைக்கிறவர் என்று சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்தால் மானம் போய்விடும். கையில் தடிப்பு ஏன் என்று மனைவி கேட்டால் தூசி அலர்ஜி என்பார்.

மூன்று வாரத்துக்கு முன் மகளுக்குப் பிரசவம். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. தாய்க்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. சொந்தக்காரர்களிடம் ரத்தம் கேட்டார்கள். அப்பாவுக்கும் மகளுக்கும் ஒரே குரூப். முதல் தடவையாக ஒரு மனுஷிக்குக் கை கொடுக்கிறோம் என்று அவருக்கு உள்ளுக்குள் பெருமை. மகள் பிழைத்து, அவர் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

இப்போது சங்கத்தில் மாதக் கூட்டம். தலைவி, ஓய்வுபெற்ற பேராசிரியை, ரத்தம் குடிக்கும் ஒரு வெளிநாட்டுப் பூச்சியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். படம் காட்டும் கருவியின் பக்கத்தில் அன்னதாதா நின்றார். "அடுத்த படம்" என்றதும் பொத்தானை அழுத்தினார். திரையில் ஓர் ஆள். ஒரு கண் மட்டும் வீங்கி மூடியிருந்தது.

"கடிச்ச எடத்துல பூச்சி கழிச்சுட்டுப் போகும். அரிப்புல அதைத் தேய்ச்சு, அதே கையால கண்ணைத் தொட்டா கிருமி உள்ள போயிடும். இந்த வீக்கம் தானா வடிஞ்சுடும். கிருமி போகாது. பல வருஷம் கழிச்சு இதயத்தைப் பிடிக்கும்."

அன்னதாதா தன் இடது கண்ணைத் தொட்டுப் பார்த்தார். ஒன்றரை மாதத்துக்கு முன் அவருடைய இடது கண் அச்சாக இப்படித்தான் வீங்கியிருந்தது. கண்ணாடிக் கடை மாடியில் இருந்துகொண்டு ஒற்றைக்கண் ஆகிவிட்டீர்களே என்று மனைவி சிரித்தாள். அவரும் சிரித்தார்.

"ரெண்டு மாசம் முன்னாடி வெளிநாட்டுலேர்ந்து வந்த பன்னண்டாம் ஜாடி இந்த வகைதான்" என்றார் தலைவி. "கிருமி இருக்கலாம், யாரும் கை வைக்காதீங்கன்னு சுற்றறிக்கை அனுப்பியிருந்தோமே."

அனுப்பியவர் அன்னதாதாதான். முப்பத்தோரு உறைக்கும் தபால்தலை ஒட்டி, மழையில் நனையாமல் சட்டைக்குள் வைத்துக் கொண்டுபோய்ப் போட்டார். உறைமேல் 'உறுப்பினர்களுக்கு மட்டும்' என்று அச்சடித்திருந்தது. அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

உறுப்பினர் அல்லாதவர் கூட்டத்தில் பேசக்கூடாது என்பது சங்கத்தின் விதி. பத்தொன்பது வருஷத்தில் அவர் வாயைத் திறந்ததில்லை.

"அம்மா, அந்த ஜாடிக்கு நான்தான் கை கொடுத்துட்டு இருக்கேன்."

செயலாளர் மெல்ல, "உங்களுக்கு யாரும் சொல்லலையா?" என்று கேட்டார். பூச்சிக் காலில் முள்ளை எண்ணத் தெரிந்த முப்பத்தோரு பேருக்கும், பன்னிரண்டாம் ஜாடி யாரைக் குடித்து இரண்டு மாதம் உயிரோடு இருக்கிறது என்று யோசிக்கத் தோன்றவில்லை. இதை எழுதும் எனக்கு இன்னும் ஆறாத கோபம் அது.

தலைவி மேடையிலிருந்து இறங்கி வந்தார். "பயப்படாதீங்க. ஆரம்பத்துலயே பார்த்துட்டா மருந்து இருக்கு."

"எனக்கில்லம்மா. என் ரத்தத்தை வேற ஒருத்தருக்கு ஏத்தியிருந்தா?"

தலைவி கண்ணாடியைக் கழற்றினார். "யாருக்கு?"

"என் பொண்ணுக்கு. ஆஸ்பத்திரியில டெஸ்ட் பண்ணித்தானே எடுத்தாங்க?"

"இது இந்த ஊர்ல இல்லாத வியாதிங்க. அவங்க இதைத் தேடியிருக்க மாட்டாங்க." ஒரு தாளில் ஆஸ்பத்திரியின் பெயரையும் நோயின் பெயரையும் எழுதினார். "இன்னைக்கே கூட்டிட்டுப் போங்க. நானும் அங்க வந்துடறேன்."

வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார். கூடத்தில் மகள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்னப்பா, இவ்வளவு சீக்கிரம்?" என்றாள். "எனக்கு நேத்துலேர்ந்து காய்ச்சல். பால் கட்டினதால இருக்கும்னு அம்மா சொல்றாங்க."

அவர் அவள் எதிரே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். ஜாடி, கை, கண், ஆஸ்பத்திரியில் கொடுத்த ரத்தம். சமையலறை வாசலில் மனைவி கரண்டியோடு நின்றுவிட்டாள். மகள் அவரைத் திட்டவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டினாள்.

"நான் வரேம்ப்பா" என்றாள். "இவ இங்க அம்மாகிட்ட இருக்கட்டும். வயிறு நிறையக் குடிச்சுட்டா."

அவர் குழந்தையின் பால் வழிந்த வாயைத் துடைத்துவிட்டார்.

"வேண்டாம்மா" என்றார். "அவளையும் தூக்கிட்டு வா."