ரஞ்சினி அக்கா வளர்த்த சேறு

ரஞ்சினி அக்கா காலமான செய்தி எங்கள் வீட்டுக்குக் கடைசியாகத்தான் வந்தது. நான் இன்ரநெற்றில் இருந்தேன். மோடம் இணைந்திருந்தால் தொலைபேசிக்கு வேறு அழைப்பு வராது. அவருடைய கணவர் சிவம் அண்ணை திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் தானே படியேறி வந்து கதவைத் தட்டினார்.

"ரஞ்சினி போட்டாள், பிள்ளை. வேலை செய்யிற சிஞோரா வீட்டுப் படியிலை விழுந்தவளாம். ஹாட் அற்றாக்காம்."

என் திரையில் அப்போதுதான் ஒரு மின்னஞ்சல் இறங்கி முடிந்திருந்தது. வட இத்தாலியில் உள்ள ஓர் ஆய்வுகூடத்திலிருந்து. எங்கள் மாதிரியைச் சோதித்துத் தருகிறார்களாம். அக்காவும் நானும் மாதக்கணக்கில் காத்திருந்த பதில். அதை நான் யாருக்குச் சொல்வது?

இந்த நினைவு மலரில் மற்றவர்கள் அவரை அன்பானவர், பண்பானவர் என்று எழுதுவார்கள். அது உண்மைதான். ஆனால் இத்தாலியில், எங்கள் அல்பெர்கேரியா வட்டாரத்தில், ஒரு பால்கனியில் சாக்கடைச் சேறு வளர்த்தவர் என்று ஒருவரும் எழுதமாட்டார்கள். அதனால் நான் எழுதுகிறேன்.

அக்கா எங்களுக்குக் கீழ்த்தளத்தில் குடியிருந்தார். வீடு துப்புரவாக்குவது அவர் வேலை. ஒருநாள் அவருடைய சிஞோரா, அதாவது அந்த வீட்டுக்கார அம்மா, இறந்துபோன தன் கணவரின் மருந்துகளை எல்லாம் கழிப்பறையில் கொட்டச் சொன்னார். அக்கா கொட்டினார். மாலையில் நேரே என்னிடம் வந்தார்.

"நீ உந்தப் பெட்டிக்குள்ளை எல்லாம் தேடுறனியெல்லோ. அந்தக் குளிசையள் இப்ப எங்கை நிக்குதெண்டு பாத்துச் சொல்லு."

"கடலிலையாக்கும் அக்கா."

"கடலெண்டால் மீன் தின்னும். மீனை நான் தின்னுவன். சிஞோரான்ரை மனுசன்ரை பிறஷர் குளிசை எனக்கென்னத்துக்கு?"

தேடினேன். இன்ரநெற் செய்திக்குழுக்களில் முகம் தெரியாதவர்களை எல்லாம் கேட்டேன். கழிவுநீர் சுத்திகரிக்கும் இடத்தில் பெரிய தொட்டிகளுக்குள் காற்றை ஊதுவார்கள். அங்கே பழுப்புச் சேறாகத் திரண்டிருக்கும் நுண்ணுயிர்கள் கழிவைத் தின்று பெருகும். ஆனால் தண்ணீரில் மருந்து இருப்பது மிகமிகச் சொற்பம். அதை மட்டும் தின்று ஓர் உயிரும் வயிறு வளர்க்க முடியாது. வேறு உணவைச் செரிக்க அவை வைத்திருக்கும் நொதிகள், போகிற போக்கில் அந்த மருந்தையும் உடைத்துவிடுகின்றன. அதில் கெட்டிக்காரர்கள் பலர் மெதுவாகப் பெருகுகிறவர்கள். சேற்றை அடிக்கடி வெளியே எடுத்தால் அவர்கள் பெருகுமுன்னே கழுவுண்டு போய்விடுவார்கள்.

மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். அக்கா யோசித்தார்.

"அப்ப, சமைக்கேக்கை பக்கத்திலை கிடக்கிற குப்பையையும் சேத்து எடுத்துப் போடுற மாதிரி."

"கிட்டத்தட்ட அக்கா."

"கிட்டத்தட்ட எண்டால் என்ன? ஓமோ, இல்லையோ?"

அந்தக் கேள்விதான் எங்கள் இருவரையும் பைத்தியமாக்கியது. வீட்டிலேயே சேறு வளர்த்துப் பார்ப்பதென்று முடிவெடுத்தோம்.

சுத்திகரிப்பு நிலையத்தில் ஒருவர் சிரித்துச் சிரித்து ஒரு கலன் சேறு தந்தார். அதைப் பஸ்ஸில் கொண்டுவந்தோம். பக்கத்தில் இருந்த கிழவர் மூக்கைப் பொத்திக்கொண்டு என்ன இது என்று கேட்டார். "சூப்" என்றார் அக்கா, இத்தாலியனில். மீன் தொட்டி, மீன் தொட்டிக்குக் காற்று ஊதும் மோட்டர், சாப்பாட்டுக்குக் கஞ்சித் தண்ணீர், நகக்கண்ணில் ஒட்டும் அளவு குளிசைத் தூள். இவ்வளவுதான் எங்கள் விஞ்ஞானம்.

முதல் சேற்றை அக்காவே அழித்தார். சொன்னால் கேட்கமாட்டார். ஊத்தையாக ஒரு தொட்டி வீட்டில் இருப்பதை அவரால் பொறுக்க முடியவில்லை. சனிக்கிழமை தோறும் பாதியை அள்ளி ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் விட்டார். நான் கத்தினேன்.

"மெதுவானதுகளை எல்லாம் கலைச்சுப்போட்டியள் அக்கா."

"அதுகள் கெதியா வளந்திருக்கலாம்தானே" என்றார்.

மறுபடியும் பஸ், மறுபடியும் சூப். இரண்டாவது தடவை அவர் கையைக் கட்டிக்கொண்டு இருக்கப் பழகினார். கரண்ட் போனால் மட்டும் ஓடிப்போய் அகப்பையால் கலக்குவார். எங்கள் எதிர்வீட்டுப் பரமேஸ் மாமிக்கு அது பெரிய பகிடி.

"சாக்கடைக்குக் கஞ்சி காய்ச்சி ஊட்டுறாள்."

"காத்துப் போகாட்டி இதுகள் செத்துப்போகும் மாமி."

"செத்தால் நல்லம். மணமாவது போகும்."

ஆனால் மருந்து உடைந்ததா என்று எப்படி அறிவது? அவ்வளவு சொற்பத்தை அளக்க எங்களிடம் இருந்தது கண்ணும் மூக்கும்தான். "உடைச்சுதுகளோ, சேத்துக்குள்ளை ஒளிச்சு வைச்சிருக்குதுகளோ?" என்று அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். நல்ல கேள்வி. தண்ணீரில் இல்லை என்பதற்காக உடைந்துவிட்டது என்று சொல்ல முடியாது. சேற்றில் ஒட்டிக்கொண்டும் இருக்கலாம். இரண்டையும் சோதிக்க வேண்டும். எத்தனையோ பேருக்கு எழுதினேன். ஒருவரும் பதில் போடவில்லை. பதில் வந்தபோது அக்கா இல்லை.

ஆய்வுகூடம் தன்னுடைய போத்தல்களை அனுப்பும். உயிருள்ள தொட்டியிலிருந்து அவற்றை நிரப்பித் திருப்பி அனுப்ப வேண்டும். அதுவரை தொட்டி சாகக்கூடாது. செத்தவீட்டில் இதை யாரிடம் கதைப்பது? யாரும் பார்க்காத நேரம் போய்க் கஞ்சித் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தேன்.

போத்தல்கள் வந்த அன்றுதான் சாவுத் தீட்டான துடக்குக் கழிக்க வீடு கழுவினார்கள். தபாலகத்திலிருந்து திரும்பி வரும்போது தெருவிலேயே வரெக்கினா மூக்கில் அடித்தது. இங்கே துப்புரவு வேலை செய்கிற எங்கள் ஆட்களுக்கு அந்தப் புளீச் மணம் இல்லாவிட்டால் கழுவியதாகவே இருக்காது. ஒரு மூடி புளீச் விழுந்தாலும் தொட்டி முடிந்தது. ஓடினேன். பால்கனி பளிச்சென்று இருந்தது. தொட்டி இல்லை. காற்று மோட்டர் மட்டும் வயர் சுற்றி மூலையில் கிடந்தது.

"ஆர் எடுத்தது?" என்று கத்தினேன். சிவம் அண்ணை மேலே கையைக் காட்டினார்.

மொட்டை மாடிக்குப் போகும் படியில் பரமேஸ் மாமி இருந்தார். காலடியில் தொட்டி. கையில் ரஞ்சினி அக்காவின் அகப்பை. கலக்கிக்கொண்டிருந்தார்.

"மாமி, நீங்கள் ஊத்திப்போட்டியளெண்டு நினைச்சன்."

"துடக்கு எங்களுக்கு. உதுகளுக்கென்ன துடக்கு?" மாமி நிமிரவில்லை. "இஞ்சை பிளக் இல்லை. காலமை தொடக்கம் கலக்கிறன். கை விட்டுப்போச்சு. செத்தும் எனக்கு வேலை வைச்சிட்டுப் போட்டாள், பார். பிடி."

அகப்பையை வாங்கினேன். போத்தல்களை அங்கேயே நிரப்பினோம்.

அவை போய்ச் சேர்ந்துவிட்டன. முடிவு இன்னும் வரவில்லை. "கிட்டத்தட்ட" என்றுதான் வரும் என்று எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. அப்படி வந்தால் "ஓமோ, இல்லையோ?" என்று கேட்க நீங்கள் இல்லை. தொட்டி இப்போது எங்கள் பால்கனியில் இருக்கிறது. நேற்றும் கரண்ட் போனது. நான் எழும்புமுன் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. போய் வாருங்கள், அக்கா. மாமி அகப்பையோடு வருகிறார்.