தொப்பி போட்ட பைனஸ் கன்றுகள்

உடப்புசல்லாவைப் பக்கம் நான் வேலை பார்க்கும் தோட்டத்தில் தேயிலைக்கு மேலே பைனஸ் என்ற ஊசியிலை மரங்கள் நிற்கும் மலை ஒன்று இருக்கிறது. முதிர்ந்த மரங்களை வெட்டி விற்கத் தொடங்கியதும் அதை மறுபடி காடாக்கும் வேலை என்னிடம் வந்தது. படித்து முடித்து வந்தவளுக்கு அதுதான் முதல் பொறுப்பு.

மலை முழுவதும் குழி வெட்டி நாற்றுமேடைக் கன்றுகளை நடும்படி துரை சொன்னார். தோட்டத்து மேனேஜரை இங்கே எல்லோரும் துரை என்றுதான் சொல்வோம். பாதியை நடுகிறேன், மறுபாதியில் முகட்டு மரங்கள் சிலவற்றை வெட்டாமல் விடுங்கள், அவற்றின் விதை விழுந்து முளைக்கட்டும் என்று கேட்டேன். நட்ட கன்று சீராக வளரும், சீக்கிரம் பருக்கும். ஆனால் கன்று, குழி, சுமைகூலி என்று செலவு முதலிலேயே வந்துவிடும். தானாக முளைப்பதற்கு அந்தச் செலவு இல்லை. அது நெருக்கமாக முளைத்து, வெளிச்சத்துக்குப் போட்டியிட்டு மெலிந்து உயரும். பின்னால் இடையில் உள்ளவற்றைப் பிடுங்கிக் கலைத்துவிட ஆள் வேண்டும்.

"மழ தொடங்கி ஒரு மாசம் பாப்பேன். ஒன்னும் மொளைக்கலன்னா அந்த மரங்களையும் வித்துட்டு குழி வெட்டுவோம்" என்றார் துரை.

விதை மண்ணைத் தொட்டால்தான் முளைக்கும். அதனால் பெண்கள் கூட்டம் ஒன்று மானாப்புல்லை வரிவரியாகச் சுரண்டி மண்ணைத் திறந்தது.

"வெத எங்க மிஸ்?"

"மேல மரத்துல இருக்குக்கா."

"அப்ப காத்துக்குப் பாய் விரிக்கத்தான் எங்களுக்கு இன்னைக்கு வேலைக்குப் பேரு போட்டீங்களா?" கூட்டமே சிரித்தது.

மழைக்கு முன் ஒரு காய்ந்த நண்பகலில் முகட்டிலிருந்து சடசடவென்று சத்தம் கேட்டது. வெயிலில் காய்கள் வாய் திறந்துகொண்டிருந்தன. காற்று ஒருமுறை வீசியதும் ஒற்றைச் சிறகுள்ள விதைகள் சுழன்று சுழன்று இறங்கின. வெயில் பட்ட இடமெல்லாம் மின்னின. பாடப்புத்தகப் படத்தில் நான் பார்த்தது ஒரு விதையை. இங்கே வானமே விதையாக இருந்தது. கீழே கொழுந்து பறித்தவர்களின் கைகள் நின்றுபோயின.

"எங்க கூடையில விழுந்தத நிறுக்கையில கழிச்சுறாதீங்க!" என்று ஒருத்தி கத்தினாள்.

பிறகு மழை பிடித்தது. முதல் வாரங்களில் ஒரு முளையும் கண்ணில் படவில்லை, கடைசி வாரம் மலையேறவே முடியவில்லை. தவணை முடிந்த காலை துரையோடு நான் மேலே போனபோது, குழி வெட்ட இடம் துப்புரவாக்க அதே பெண்கள் சுரண்டியோடு முன்பே வந்திருந்தார்கள். தேயிலையில் பழகிய கை அவர்களுடையது. தேயிலை இல்லாத எதுவும் அந்தக் கைக்குப் புல்தான். அவர்கள் ஒதுக்கிய குவியலைக் குனிந்து பார்த்தேன்.

"நிறுத்துங்கக்கா! சுரண்டாதீங்க!"

"ஏன் மிஸ், புல்லுதானே?"

"புல்லு தொப்பி போடுமா? பாருங்க."

தீக்குச்சியைவிட மெல்லிய தண்டு. உச்சியில் கூடிய ஊசியிலைகள். அவற்றின் நுனிகளைக் கவ்விக்கொண்டு இன்னும் கழன்று விழாத விதைத்தோல். நின்று பார்த்தால் வெறும் பச்சை. குந்திப் பார்த்தால் ஒவ்வொன்றும் தலையில் தொப்பியோடு நின்றது, முகடு வரைக்கும்.

"எல்லாம் தொரையோட ஆளுங்க போலருக்கு" என்றார் பெண்களின் கங்காணி. துரை தன் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு குந்தினார். வெகுநேரம் எழவில்லை.

"குழி வேணாம். மரங்களும் நிக்கட்டும்" என்றார்.

இப்போது நட்ட பக்கம் என் தோளைத் தொடுகிறது. முளைத்த பக்கம் முழங்கால் அளவுதான், ஆனால் கைநுழைய இடமில்லாத நெருக்கம். அடுத்த பருவம் கலைக்க வேண்டும், அந்தக் கூலியும் கணக்கில் ஏறும். எந்தப் பாதி அதிக இலாபம் தரும் என்று துரை கேட்கும்போதெல்லாம், மரம் விற்கும் நாளில்தான் தெரியும் என்கிறேன்.

அன்று காலை எங்களுக்கு இருந்த கஷ்டம் வேறு. திரும்பி இறங்க வேண்டும், கால் வைக்க இடமில்லை.

"கீழ பாத்து வைங்க தொர" என்றார் கங்காணி.

ஏறி வந்தபோது சேற்றில் பதிந்த எங்கள் கால்தடங்களிலேயே மறுபடி கால் வைத்து, ஒருவர் பின் ஒருவராக இறங்கினோம்.