ஹார்மோன் ஓ.பி.யில் பவித்ரா

எங்கள் வேலையில் ஊசி குத்துவது சுலபம். கேட்க வேண்டியதைக் கேட்பதுதான் பாடு. வேலூரில் ஒரு மருத்துவமனையின் ஹார்மோன் பிரிவில் நான் நர்ஸ். திருநங்கைகளுக்கான சிகிச்சையும் அங்கேதான். வெள்ளை உடுப்பில் என்னைப்போல் முழித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். பையனைத் தூங்க வைத்துவிட்டு எழுதுகிறேன்.

சேர்த்துப் புரட்டிய பக்கங்கள்

கான்வென்ட்டில் உடம்பைப் பற்றிய பாடம் வந்தால், டீச்சரம்மா அந்தப் பக்கங்களை மட்டும் சேர்த்துப் புரட்டிவிடுவார். இப்போது அந்தப் பக்கங்கள்தான் என் பிழைப்பு.

எங்களிடம் வந்த திருநங்கை பவித்ராவுக்கு ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் லைனில் வேலை. இதுவரை என்ன மருந்து சாப்பிட்டாய் என்று கேட்டதும் கைப்பையிலிருந்து கருத்தடை மாத்திரை அட்டையை எடுத்தாள். அதில் பெண் ஹார்மோன் இருக்கிறதென்று தோழி சொன்னாளாம், கைநிறைய விழுங்கியிருக்கிறாள். ரத்தம் கட்டி நுரையீரலை அடைக்கும், உயிரே போகும் என்று டாக்டர் சொன்னார். இங்கே இழுத்தடித்தால், டாக்டர் இல்லாமல் வீட்டிலேயே ஆணுறுப்பை அறுத்துவிடும் ஒருத்தியிடம் போய்விடுவேன் என்றாள் அவள். அப்படிப் போய் ரத்தம் நிற்காமல் தூக்கி வரப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். பயத்தை மறைத்துக்கொண்டு, ஏன் இத்தனை மாத்திரை என்று கேட்டேன்.

"கம்மியா போட்டா கம்மியாத்தானே சிஸ்டர் பொம்பள ஆவேன்?"

தண்ணீர்

டாக்டர் அந்த அட்டையை நிறுத்திவிட்டு, தோலில் தடவ ஒரு ஜெல்லும், ஆண் ஹார்மோனைக் குறைக்க ஒரு மாத்திரையும் கொடுத்தார். அந்த மாத்திரை போட்டால் அடிக்கடி ஒன்றுக்கு வரும். அடுத்த ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் ஏறியிருந்தது; அந்த மாத்திரையோடு உடம்பில் தண்ணீரும் குறைந்தால் அப்படி ஆகும், இதயத்துக்கு ஆபத்து. விசாரித்தால், காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. லைனை விட்டு எழுந்தால் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். கழிப்பறையில் ஆண்கள் பக்கம் போனால் கிண்டல், பெண்கள் பக்கம் போனால் புகார். சாயங்காலம் கம்பெனி பஸ் அவள் ஊரான மாதனூரில் இறக்கிவிடும்வரை வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். மருந்தை மாற்ற வேண்டும் என்று டாக்டருக்குத் தோன்றியது. நானோ சீட்டில் 'நிறையத் தண்ணீர் குடிக்கவும்' என்று எழுதி நீட்டினேன். படித்துப் பார்த்தாள்.

"குடிக்கறது ஈஸி சிஸ்டர். எங்க போறதுன்னு எழுதலியே."

அம்மா வந்தார்

ஒருநாள் பவித்ராவின் அம்மா வந்தார். விவசாயக் கூலி. "பழையபடி ஆவறதுக்கு ஊசி ஏதாவது இருக்கா சார்?" என்றுதான் ஆரம்பித்தார்.

மனசை மாற்ற மருந்து கிடையாது, மாற்றப் பார்த்தால் கெடுதல்தான், உடம்பைக் கொஞ்சம் மனசுக்குப் பக்கத்தில் கொண்டுவரலாம் என்றார் டாக்டர். தோல் மிருதுவாகும், மார்பு மெதுவாக வளரும், குரல் மாறாது, தாடிக்குத் தனியாக லேசர், குழந்தை பெற முடியாது என்று மறைக்காமல் சொன்னார். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வெளியே வந்து, உனக்குப் பிள்ளைகள் உண்டா என்று என்னைக் கேட்டார். ஒரு பையன், மூன்று வயது என்றேன்.

"நானும் அப்படித்தாம்மா சொல்லிட்டிருந்தேன்."

ஜெல் டியூப்

அன்றிலிருந்து என் பையன் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு ஆடினால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அவன் எதுவானாலும் சரி, என்னிடம் சொல்லப் பயந்துகொண்டு மருந்துக்கடை வாசலில் நிற்கக் கூடாதே என்று இருக்கிறது.

பவித்ராவுக்கு மனநல மருத்துவர்கள் சம்மதம் சொல்லி, ஆபரேஷனும் முடிவானது. ரத்தம் கட்டும் ஆபத்து இருந்ததால் சில வாரங்கள் முன்பே ஜெல்லை நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினால் பழைய உடம்பு திரும்பிவிடும், அதற்கு வீட்டில் அறுத்துவிடும் அந்தப் பொம்பளையிடமே போய்விடலாம் என்று போனில் அழுதாள். போனை அம்மா வாங்கிக்கொண்டார். மகள் எடுத்துத் தடவிவிடாதபடி ஜெல் டியூபைத் தன் முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறாராம். என்னிடம் அதைச் சொல்லிவிட்டு மகளிடம் பேசியது கேட்டது.

"எங்கயும் போவாத. நான் கூட இருக்கேன் இல்ல, பொறுத்துக்கடி."

அதுவே ஜாஸ்தி

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. சிறுநீர்க் குழாய், காய்ச்சல், உட்கார முடியாத வலி எல்லாம் இருந்தது. புதிதாக அமைத்த பெண்ணுறுப்பின் வழி சுருங்காமலிருக்கத் தினமும் செய்ய வேண்டிய பயிற்சியை நான்தான் சொல்லிக்கொடுத்தேன், டீச்சரம்மா போலப் பக்கத்தைத் தாண்டாமல், தலை குனியாமல். அடுத்த முறை வந்தபோது, சந்தோஷமா என்று டாக்டர் கேட்டார்.

"வலிக்குது சார். சந்தோஷமான்னு இன்னும் யோசிக்கல. குளிக்கறப்போ கண்ண மூடிக்க வேணாம், அதுவே ஜாஸ்தி."

எங்கள் வேலை இவ்வளவுதான்: அவர்கள் பயத்தை எங்களிடம் விட்டுவிட்டு டிஸ்சார்ஜ் ஆகிவிடுகிறார்கள், நாங்கள் அதை டிபன் பாக்ஸோடு வீட்டுக்கு எடுத்து வருகிறோம்.