டெஸ்டுக்கு மட்டும் பட்டினி

ரத்தம் எடுக்கிற தொழிலில் ஊசி குத்துவது சுலபம். ரிசல்ட்டைக் கையில் கொடுத்த பிறகு வருகிற பேச்சைக் கேட்பதுதான் கஷ்டம். அறந்தாங்கியில் ஒரு சின்ன லேபில் குப்பை கொட்டுகிறேன். என்னைப்போல் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பல்லைக் கடிக்கிற சக பாவிகளுக்கு இது புரியும். உங்களுக்கும் ஆளுக்கொரு கதை இருக்கும். எனக்கு சேகர் அண்ணன் கதை.

தொப்பை

சேகர் அண்ணன் குவைத்தில் லாரி டிரைவர். லீவில் வந்தால் மனைவி வசந்தி அக்கா அவரை எங்கள் லேபுக்கு இழுத்து வந்துவிடுவார். ஒருமுறை ரத்தம் எடுத்துவிட்டு, மாடியில் இருக்கும் டாக்டர் சொன்னபடி இடுப்பில் டேப் வைத்தேன். மனுஷன் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சை விட்டதும் டேப் பத்தவில்லை.

தொப்பையைக் குறைக்க வேண்டும் என்றதும் அக்காவின் முகம் சுண்டிவிட்டது. எங்கள் பக்கம், வெளிநாடு போனவர் சதை போட்டுத் திரும்பினால்தான் அங்கே நன்றாக இருக்கிறார் என்று அர்த்தம்.

"மொத தடவை ஒட்டிப்போயி வந்தாரு சிஸ்டர். இப்பத்தான் பாக்க ஆளா இருக்காரு. அதையும் கொறைக்கச் சொன்னா எப்படிங்க?"

ஒரே ஒரு வரி

சுகர் நார்மலின் விளிம்பில் நின்றது. ட்ரைகிளிசரைடு என்கிற ரத்தக் கொழுப்புதான் எகிறியிருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், இன்சுலின் சொல்வதை உடம்பு சரியாகக் கேட்கவில்லை என்று தெரிகிறது, சுகர் வியாதி வருவதற்கு முன்பே இது இதயத்தைப் பலவீனமாக்கலாம் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். அண்ணன் தலையாட்டினார். கீழே வந்ததும் சுகர் வரியை மட்டும் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். மீதியைப் படிக்கவே இல்லையே என்றேன்.

"சுகர் இல்லைல்ல தங்கச்சி? மத்ததெல்லாம் தன்னால சரியாப் போயிரும்."

நல்ல ரிசல்ட்

அடுத்த லீவில் எடுத்த ரிசல்ட் அழகாக இருந்தது. எனக்கே சந்தோஷம். அக்காதான் விஷயத்தைப் போட்டு உடைத்தார்: டெஸ்ட் எடுக்கப் போகிறோம் என்று அண்ணன் சில நாளாகச் சோற்றைத் தொடாமல் மோரும் வெள்ளரிக்காயுமாக ஓட்டியிருக்கிறார். எங்கள் கஸ்டமர்களில் பாதிப்பேர் இந்த வேலையைச் செய்கிறவர்கள்தான். ரிசல்ட் வாங்க வரும்போதே கையில் பிரியாணிப் பொட்டலம்.

அண்ணன் காலில் செருப்பு வார் பதிந்து வீங்கியிருந்தது. பிளைட்டில் காலைத் தொங்கப்போட்டு வந்ததால் என்றார். வந்து இத்தனை நாளாகியுமா என்று கேட்டேன். டாக்டரைப் பார்த்துவிட்டுப் போங்கள், இப்படி ரத்தத்தை ஏமாற்றி யாருக்கு லாபம் என்று சத்தமே போட்டுவிட்டேன். அண்ணன் சிரித்தார்.

"பரிச்சைக்கு முன்னாடி படிக்கிறது ஒரு தப்பா தங்கச்சி?"

தலையணைகள்

கடைசியாக அவர் வந்தது லீவில் இல்லை. கம்பெனியே ஊருக்கு அனுப்பிவிட்டது. வாசல்படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. படுத்தால் மூச்சு முட்டுகிறது, தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடியே தூங்குகிறார் என்றார் அக்கா. எக்கோ எடுத்துப் பார்த்த டாக்டர், இதயம் ரத்தத்தைத் தள்ளும் பலம் குறைந்துவிட்டது, மாத்திரையில் ஓரளவு தேறலாம், லாரி ஓட்டுவதை மறந்துவிட வேண்டும் என்றார். அந்தக் கொழுப்பு மட்டும்தான் காரணம் என்று சொல்ல முடியாதாம். ஆனால் அன்றைக்கே கவனித்திருக்கலாமாம்.

வீங்கிய கையில் நரம்பு தேடித் தேடி எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா அவர் சட்டைக்கையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஊரோட இருந்துருங்கன்னு ஒவ்வொரு லீவுலயும் கெஞ்சுவேன் சிஸ்டர். இப்ப இருக்காரு, தெருமொனை வரைக்கும் நடக்க முடியாம."

உள்ளதைச் சொல்கிற ரத்தத்துக்கும் பொய் சொல்லப் பழக்கிவிட்ட ஊரில், அதைப் பரிசோதித்துச் சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.