டாக்டரின் சர்வருக்கு இடம் பார்த்த கதை

ஸ்கேன் சென்டரில் அவரை எல்லோரும் சிஸ்டம் மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள். வயது நாற்பத்தாறு. நான்கு கிளைகளில் எடுக்கும் எக்ஸ்ரே, ஸ்கேன் படங்கள் எல்லாம் வந்து சேரும் சர்வரைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. எதையும் எழுத்தில் வாங்காமல் நம்பமாட்டார். டீ வேண்டுமா என்று கேட்டால்கூட "மெயில் போடுங்க" என்பார் என்று ரிசப்ஷன் பெண்கள் சொல்வார்கள். அது மிகை. ஒரே ஒரு முறைதான் அப்படிச் சொன்னார்.

சர்வர் இருந்த அறை இன்னொரு அல்ட்ராசவுண்ட் மெஷினுக்குத் தேவைப்பட்டது. கட்டடத்தில் வேறு இடமில்லை. என்ன செய்யலாம் என்று சென்டரின் முதலாளியான டாக்டர் கேட்டார்.

"ரெண்டு வழி இருக்கு டாக்டர். நம்ம சர்வரையே கொண்டுபோய் ஒரு டேட்டா சென்டர்ல வைக்கலாம். இடம், கரண்ட், ஏசி, நெட் எல்லாம் அவங்களோடது, மெஷின் நம்மளோடது. இல்லன்னா அவங்க மெஷின் ஒண்ணையே நமக்குன்னு தனியா வாடகைக்கு எடுத்துக்கலாம்."

"நம்மளோடது நல்லாத்தானே இருக்கு?"

"வாங்கி ரெண்டு வருஷம்தான் ஆச்சு."

"அப்புறம் எதுக்கு அடுத்தவன் மெஷின்?"

டாக்டரே தேடிப் பிடித்து வாங்கிய சர்வர் அது. போகிற போக்கில் அவர் அதைத் தட்டிக்கொடுப்பதை சிஸ்டம் மேடம் பார்த்திருக்கிறார். ஊழியர்கள் யாரையும் அவர் அப்படித் தட்டிக்கொடுத்ததில்லை.

வீட்டில் கணவரிடம் சொன்னார். அவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். எந்த மெஷினைப் பற்றிப் பேசினாலும் அவருக்கு ஒரே கேள்விதான்.

"ரிப்பேர் ஆச்சுன்னா யாரு போறது?"

"நம்ம மெஷின்னா நான் போகணும். அவங்களோடதுன்னா அவங்களே பார்த்துப்பாங்க."

"எவ்வளவு தூரம்?"

"பஸ்ல ஒன்றரை மணி நேரம்."

"அப்ப எது நல்லதுன்னு தெரிஞ்சுபோச்சே."

"என் வசதியைப் பார்த்து எழுதக் கூடாதுங்க."

ஃப்ரிட்ஜ் நன்றாக ஓடுகிறது என்று சொல்லிக்கொண்டே தன்னை வரவழைத்த வாடிக்கையாளரைப் பார்ப்பதுபோல அவர் பார்த்தார்.

சிஸ்டம் மேடம் இரண்டு பக்கத்துக்கு ஒரு குறிப்பு எழுதினார். நியாயமாக இருக்க வேண்டுமென்று தன் அலைச்சலை அதில் சேர்க்கவே இல்லை. அதனால் தராசு தானாகவே சொந்த மெஷின் பக்கம் சாய்ந்தது. டாக்டர் அதற்கு டிக் போட்டார்.

டேட்டா சென்டருக்கு மெயிலில் பதினோரு கேள்விகள் போயின. பதினொன்றுக்கும் பதில் வந்தது. பன்னிரண்டாவது கேள்வி பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது நினைவுக்கு வந்ததால் போனில் கேட்டார்.

"எங்களோடது நிக்க வைக்கிற மாதிரி மெஷின். அங்க வைக்கலாம்ல?"

"எதை வேணும்னாலும் வைக்கலாம் மேடம்" என்றார் விற்பனைப் பிரிவுக்காரர்.

சனிக்கிழமை மதியம் சென்டரை மூடியதும் எல்லாப் படங்களுக்கும் நகல் எடுத்துக்கொண்டு, சர்வரைப் போர்வையில் சுற்றிக் கணவரின் வேனில் ஏற்றினார். டாக்டர் வாசல்வரை வந்தார். "பத்திரமா போயிட்டு வா" என்றார். மேடத்தை அவர் ஒருமையில் கூப்பிடுவதில்லை.

டேட்டா சென்டரில் அடையாள அட்டை காட்டி, கைரேகை வைத்து, மூன்று கதவுகள் தாண்டிப் போனார்கள். ஸ்வெட்டர் போட்ட இன்ஜினியர் ஒருவர் போர்வையை விலக்கிப் பார்த்தார்.

"இது நிக்கிற மெஷினாச்சே. எங்க ராக்ல, இந்த இரும்பு அடுக்குல, எல்லாமே படுக்கையாத்தான் போகும்."

"வைக்கலாம்னு சொன்னாங்களே."

"வைக்கலாம். தட்டு போட்டு சாய்ச்சுப் படுக்க வைக்கணும். அஞ்சு மெஷின் இடத்தை அடைக்கும். அஞ்சுக்கும் வாடகை. மெயில்ல ஒரு இடம்னுதானே இருக்கு?"

இருந்தது. ஏசி குளிரில் மற்றவர்களுக்குப் பல் கிட்டிக்கொண்டிருக்க, மேடத்துக்கு மட்டும் காது சுட்டது. கணவர் போர்வையை எடுத்து ஒழுங்காக மடித்து வைத்துக்கொண்டார்.

மேடம் வெளியே வந்து டாக்டரைக் கூப்பிட்டார். "தப்பு என்மேலதான் டாக்டர். ஒரு கேள்வியை வாய்வார்த்தையா கேட்டுட்டேன்."

டாக்டர் கேட்டார்: "அங்க வாடகைக்கு மெஷின் இருக்கா?"

"இருக்கு. இன்னைக்கே தருவாங்க."

"எடுத்துடுங்க. திங்கக்கிழமை பேஷன்ட் வருவாங்க. அப்புறம், என்னோடதைத் திருப்பிக் கொண்டுவந்துடுங்க."

ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் படங்கள் எல்லாம் வாடகை மெஷினில் ஏறிவிட்டன. திரும்பி வந்த சர்வர் டாக்டரின் மேசைக்கடியில் இடம்பிடித்து, தினமும் ஒரு நகலை வாங்கி வைத்துக்கொள்கிறது. அது போடும் சத்தம் தங்கள் நெஞ்சிலிருந்து வருவதாகச் சில நோயாளிகள் பயந்துவிடுகிறார்கள்.

ஏழாவது மாதம் வாடகை மெஷினில் ஒரு ஹார்ட் டிஸ்க் போனது. அதைச் சொல்லி வந்த மெயிலை மேடம் திறந்து பார்ப்பதற்குள் டேட்டா சென்டரில் டிஸ்கை மாற்றியும் விட்டார்கள். அவருக்கு என்னவோ போலிருந்தது. அந்த ஸ்வெட்டர்க்காரருக்குப் போன் போட்டார்.

"மாத்துறதுக்கு ரொம்ப நேரம் ஆச்சா?"

"ரெண்டு நிமிஷம் மேடம்."

நன்றி சொல்லி வைத்துவிட்டு, பஸ்ஸில் போய்வர ஆகியிருக்கும் மூன்று மணி நேரத்தைக் கணக்குப் போட்டபடியே ரிசப்ஷனில் பேப்பர் சிக்கிக் கிடந்த பிரின்டரைப் பார்க்கப் போனார்.